மூதூர் மனைகளும் கழிபொருளும் - ஒரு வரலாற்று நோக்கு

அரசர்தம் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் எழுதப்பட்டுள்ளது. குடும்பங்களின் வரலாறோ பெரும்பாலும் அவை வேண்டாவென்று வீசியெறிந்த பொருள்களிலேயே பொதிந்து கிடக்கின்றது. புதுச்சேரிக்கு அணித்தான அரிக்கமேட்டை 1945 ஆம் ஆண்டில் அகழ்ந்த வீலர் என்னும் ஆய்வாளர், அவ்வூரின் காலத்தைத் துணிவதற்குத் துணைகொண்டது முடியோ வாளோ அன்று. இத்தாலிய நாட்டிலிருந்து கலமேறி வந்து, உடைந்து, குப்பையிற் போடப்பட்ட மட்கல ஓடுகளே அவருக்குச் சான்றாயின. ஒரு காலத்து மக்கள் எதை உண்டனர், எதிற் சமைத்தனர், எவரோடு வணிகஞ் செய்தனர் என்பவற்றையெல்லாம் குப்பைமேடு பொய்யின்றிக் கூறும். ஆதலின், குப்பை பற்றிய ஆராய்ச்சி இழிந்ததொன்றென எண்ணுதல் தகாது. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் அமைந்த மூதூர்ப் பகுதியை நிலைக்களமாகக் கொண்டு, மனைக் கழிபொருள் காலந்தோறும் எவ்வாறு மாறிற்று என்பதனையும், இன்றைய குடும்பங்கள் அவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க படிப்பினை யாது என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மகாவலி கங்கை மலைநாட்டிற் பிறந்து, நெடுந்தூரம் ஓடிக் கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. ஆறும் கடலும் களப்பும் கண்டற்காடும் வயலும் ஒருங்கே வாய்ந்த இந்நிலத்திற்கு 1660 ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த ஆங்கிலக் கப்பலொன்றின் தலைவரும், அவர் மைந்தர் றொபேட் நொக்ஸும், உடன் வந்தோர் சிலரும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி நாட்டிலே தங்கிப் பின்னர்த் தப்பிச்சென்ற நொக்ஸ், 1681 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வெளியிட்ட நூல் இலங்கை மக்களின் அன்றாட வாழ்க்கையை நுணுக்கமாகக் கூறுவது. அவர் விரித்துரைப்பது கண்டி நாட்டுக் குடிகளின் இல்லங்களையே எனினும், அக்கால இலங்கைச் சிற்றூர் வாழ்க்கையை அறிவதற்கு அது பெருந்துணை புரிகின்றது. உறிகளில் தொங்கும் சில மட்பாண்டங்கள், உண்பதற்கு ஓரிரு பித்தளைக் கலங்கள், முதுகு சாய்வற்ற இருக்கைகள் என இவ்வளவே ஒரு வீட்டின் தட்டுமுட்டுக்கள் என்று அவர் வியப்போடு குறித்துள்ளார். தாளிப்பனையின் ஓலையொன்றே குடையாகவும் கூடாரமாகவும் பயன்பட்டதனையும் அவர் எடுத்துரைக்கின்றார்.

இத்தகைய வாழ்க்கையில் ‘குப்பை’ என்னும் சொல் இன்று தரும் பொருளைத் தரவில்லை. கிழக்கிலங்கைத் தமிழர் வளவுகளிலும் முசுலிம் மக்கள் வளவுகளிலும் அண்மைக் காலம்வரை நிலவிய வழக்கங்களை நோக்குவார்க்கு இது தெளிவாகும். தேங்காயின் தும்பு கயிறாயிற்று, சிரட்டை அகப்பையும் அடுப்புக்கரியும் ஆயிற்று, மட்டை தென்னையடியிற் புதைக்கப்பட்டு ஈரங்காத்தது, ஈர்க்கு விளக்குமாறாயிற்று, கிடுகு வேலியும் கூரையும் ஆகி, உக்கிய பின்னர் எருவாயிற்று. பனையோலை, கடகமும் பெட்டியும் உமலும் சுளகும் பாயுமாகப் பல பிறவி எடுத்தது. வடித்த கஞ்சி மாட்டிற்கும், எஞ்சிய சோறு மறுநாட் காலையிற் பழஞ்சோறாக வீட்டார்க்கும், மீனின் செதிலும் குடலும் வாழையடிக்கும் தென்னையடிக்கும் உரியனவாயின. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கிற்று. எஞ்சியது கூட்டி வாரப்பட்டு எருக்கும்பியிற் சேர்ந்து, மாரி தொடங்குமுன் பயிர்நிலத்திற்குச் சென்றது. மண்ணிலிருந்து வந்தவை யாவும் மண்ணுக்கே மீண்டன என்பதே இவ்வொழுங்கின் சாரம்.

இவ்வொழுங்கினை அறிவியல் உலகமும் ஒருகாலத்திற் பாராட்டியது. ஆங்கிலேயரான அல்பேட் ஹோவாட் என்னும் பயிரியல் அறிஞர், 1924 முதல் 1931 வரை இந்தோர் நகரிலே பணிபுரிந்தபோது, கழிபொருளைக் கூட்டெருவாக்கும் முறையொன்றனை வகுத்து ‘இந்தோர் முறை’ எனப் பெயரிட்டார். இந்திய உழவரைத் தம் ஆசிரியராகக் கருதியவர் அவர். பச்சைக் கழிவையும் காய்ந்த சருகையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, ஈரமும் காற்றும் தக்க அளவிற் சேரும்படி புரட்டிவரின் மூன்று திங்களளவில் நல்லெரு கிடைக்கும் என அவர் காட்டினார். ஊர்ப்புறத்து எருக்கும்பியின் செம்மைப்பட்ட வடிவமே அது எனல் பொருந்தும்.

எனினும், பழமை யாவும் குற்றமற்றதென்று கொள்ளுதல் வரலாற்று நெறியன்று. மூடப்படாத குப்பைக் குழியில் ஈக்கள் பெருகின. கவனிப்பாரற்ற சிரட்டையிலும் உடைந்த சட்டியிலும் மழைநீர் தேங்கியது. பழைய ஒழுங்கு சிறந்திருந்ததற்கு மக்களின் நல்லறிவு மட்டுமன்றிப் பொருளின் அருமையும் காரணமாகும். பெறுதற்கரியதை எவரும் எறியார். இவ்வுண்மையை இருபதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகள் நன்கு விளக்குகின்றன.

திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளமாக விளங்கிய காலத்தில், தகரத்தில் அடைத்த உணவும் போத்தலும் மண்ணெண்ணெய்த் தகரமும் இப்பகுதி மக்களுக்கு அறிமுகமாயின. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அவ்வாண்டிலேயே நாடு முழுதும் அரிசிப் பங்கீடும் நடைமுறைக்கு வந்தது. பங்கீட்டுக் காலத்தில் வெற்றுத் தகரமும் குப்பையாகவில்லை. அது நீரள்ளும் வாளியாகவும், நெல்லளக்கும் கொள்கலமாகவும், தட்டையாக்கப்பட்டுக் கூரைத் துண்டாகவும் உருமாறியது. போத்தல்களையும் பழைய இரும்பையும் விலைக்கு வாங்கித் திரிந்த சிறு வணிகரால் இத்தகைய பொருள்கள் மீண்டும் புழக்கத்திற்கு வந்தன. 1970 இற்கும் 1977 இற்கும் இடைப்பட்ட காலத்தில் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோதும் இந்நிலையே நீடித்தது. கடைக்காரர் பழைய கொப்பித்தாளிலும் செய்தித்தாளிலும் சரை சுற்றிப் பருப்பும் சீனியும் கொடுத்தனர். எண்ணெய் வாங்கச் செல்வோர் வீட்டிலிருந்தே போத்தல் கொண்டு சென்றனர்.

1977 ஆம் ஆண்டில் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் புகுந்தபோது, இச்சிக்கனம் சில ஆண்டுகளிலேயே தளர்ந்தது. இது சிந்திக்கத்தக்கது. வறுமையால் வந்த சிக்கனம் வறுமையோடு நீங்கிற்று. விரும்பி ஏற்ற ஒழுக்கமாக அது வேரூன்றியிருக்கவில்லை.

அக்காலத்தே பெருகிய புதுப்பொருள் பொலித்தீன். 1933 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஆய்வுகூடமொன்றில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட இப்பொருள், 1965 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு நிறுவனமொன்று காப்புரிமை பெற்ற கைப்பையின் வடிவில் உலகெங்கும் பரவத் தொடங்கியது. மலிவு, இலேசு, நீர்புகாமை என்னும் மூன்று பண்பும் அதற்கு வாய்த்தன. மீனும் தயிரும் நாள்தோறும் கைமாறும் மூதூர் போன்ற ஊர்களில், ஒழுகாத பையொன்று இலவசமாகக் கிடைப்பது எத்துணை வசதி என்பதனைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அப்பண்புகளோடு நான்காவதொன்றும் இருந்தது: அஃது உக்காது. ஓலையை எறிந்த அதே கையால், எறிந்த அதே வேலியோரத்தில், மக்கள் பொலித்தீனையும் எறிந்தனர். பழக்கம் மாறவில்லை, எறியப்பட்ட பொருளே மாறிற்று. இன்றைய இடரின் வேர் இதுவேயாகும்.

இப்பகுதி மக்கள் பட்ட துன்பங்களும் இம்மாற்றத்திற்குத் துணைபோயின. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை மூதூர்க் கரையைத் தாக்கியது. 2006 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் நிகழ்ந்த போரினால் மூதூர், சம்பூர் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். எல்லாவற்றையும் இழந்தோர்க்கு உதவி பொதிகளிலும் போத்தல் நீரிலும் வருவது இயல்பே. உமலும் உறியும் அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த வீடுகள் அழிந்தபோது, அவற்றோடு இயைந்த மனைப்பழக்கங்களும் பல அழிந்தன. 2009 ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. கரையோர வீதியின் பிற துறைகளிலும் பாலங்கள் அமைந்தன. திருகோணமலைக்கு இயந்திரப் படகிலும் மிதவைப் பாதையிலும் சென்றுவந்த மக்களுக்கு இது பெரும்பேறு. அதே வழியாற் பெருநகரத்துப் பொதிசெய்த பண்டங்களும் எளிதில் வந்தன. வந்த வெற்றுப்பொதிகள் திரும்பிச் செல்வதற்குத்தான் வழி அமைக்கப்படவில்லை.

இதன் விளைவினைக் கிழக்கு மாகாணம் கண்கூடாகக் கண்டுள்ளது. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு என்னும் இடத்துக் குப்பைமேட்டில் மேய்ந்த யானைகள், உணவு நாற்றம் பற்றிய பொலித்தீனை விழுங்கி மாண்ட செய்தி உலக நாளிதழ்களிலும் வெளிவந்தது. தலைநகரை அடுத்த மீதொட்டமுல்லையில் 2017 ஆம் ஆண்டு ஏப்பிரில் 14 ஆம் நாள், புத்தாண்டுத் திருநாளிலேயே, குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் மூதூருக்கு அயலான கிண்ணியாவில் டெங்குக் காய்ச்சல் பரவிப் பலர் இறந்தனர். அவ்வாண்டில் நாடு முழுவதும் அந்நோய் கண்டோர் 1,86,000 இற்கும் அதிகமானோர். டெங்கு நுளம்பு சேற்றுக் குளத்தை நாடுவதில்லை. வளவில் எறியப்பட்ட தயிர்க் கோப்பையிலும், பழைய தயரிலும், நிமிர்ந்து கிடக்கும் சிரட்டையிலும் தேங்கிய தெளிந்த நீரையே நாடுகின்றது. முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே போதும். ஆகவே குப்பை என்பது அழகுபற்றிய வினா மட்டுமன்று. வீட்டுக் குழந்தையின் உயிர்பற்றிய வினாவுமாகும்.

அரசினர் வாளாவிருந்தனர் என்று கூறுதல் இயலாது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் அடிப்படையிற் பல விலக்குகள் விதிக்கப்பட்டன. 2007 ஆம் ஆண்டு முதல் 20 மைக்குறோனும் அதற்குக் குறைவுமான தடிப்புள்ள பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. 2017 ஆம் ஆண்டு செத்தெம்பர் முதல் நாள், சோறு பொதியும் பொலித்தீன் தாளும் நுரைப் பெட்டியும் விலக்கப்பட்டன. 2021 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில், உணவும் மருந்தும் அல்லாத பொருள்களை 20 கிராம் அல்லது 20 மில்லிலீற்றர் அளவுக்குட்பட்ட சிறு பொதிகளில் அடைத்தல் தடுக்கப்பட்டது. 2023 ஆம் ஆண்டு ஒற்றோபர் முதல் நாள் தொட்டு ஒருமுறை மட்டும் பயன்படும் உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி முதலியவையும் விலக்கப்பட்டன. கடல் கடந்த தமிழ்நாட்டிலும் 2019 ஆம் ஆண்டு சனவரி முதல் இத்தகைய தடை நடைமுறையில் உள்ளது. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கமும் தொடங்கப்பட்டது. திருமண வீடுகளிலே தாம்பூலத்தோடு பெற்ற மஞ்சள் துணிப்பையைக் கையிற் கொண்டு செல்வது நாகரிகக் குறைவென எண்ணிய தலைமுறைக்கு, அதுவே நாகரிகம் என உணர்த்த முயன்றது அவ்வியக்கம்.

சட்டம் வேண்டற்பாலதே. ஆயினும், ஒன்றை விலக்கினால் அதனிடத்தில் வைப்பதற்கு வேறொன்று வீட்டில் இருத்தல் வேண்டும். இதற்கு வேளாண்மைத் துறையிலிருந்து ஒரு சான்று காட்டலாம். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதற்கும் போதிய கூட்டெரு ஓரிரு திங்களில் உண்டாகுமோ? நெல்வயல்கள் வாட, உழவர் போராட, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. நோக்கம் எதுவாயினும், ஆயத்தமின்றிச் செய்த பெருமாற்றம் நிலைக்கவில்லை. வீட்டு அடுப்படியிற் செய்யும் சிறு மாற்றமோ அத்தகையதன்று. அது மெல்ல நிகழும். பிழைத்தால் மறுநாளே திருத்திக்கொள்ளலாம். பயன் உடனே புலப்படும்.

அம்மாற்றங்களுள் முதலாவது, அடுப்படியிலேயே கழிபொருளைப் பிரித்தலாகும். இலங்கையில் வீட்டுக் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது உக்கத்தக்க உணவுக் கழிவே. அது தனித்திருந்தால் எருவாகும். பொலித்தீனோடு கலந்தால் இரண்டும் கெடும். உக்குவதற்கு ஒரு பாத்திரமும் உக்காததற்கு ஒரு சாக்கும் வைத்தல் எவ்வீட்டிற்கும் இயலும். மூடியுள்ள எருக்குழியிலோ துளையிட்ட பீப்பாயிலோ உணவுக் கழிவை இடுந்தோறும், அதன்மேல் இருமடங்கு சருகு இட்டால் நாற்றம் எழாது. மீன்கழிவை மேலாக இடாது ஆழப் புதைத்துச் சாம்பல் தூவினால் நாயும் ஈயும் அணுகா. இவ்வெரு வயல் முழுவதற்கும் போதாது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் முருங்கைக்கும் வாழைக்கும் போதும்.

இரண்டாவது, கொள்கலங் கொண்டு செல்லுதல். மூதூரும் கிண்ணியாவும் எருமைத் தயிருக்குப் பேர்பெற்றவை. மட்சட்டியில் உறைந்த தயிரே சுவைமிக்கது என்பதனை இப்பகுதியார் நன்கறிவர். சட்டியின் நுண்டுளைகள் நீரை உறிஞ்சுதலால் தயிர் இறுகுகின்றது. அச்சட்டியைக் கழுவிக் கடைக்காரரிடம் மீள ஒப்படைக்கும் வழக்கம் நிலைபெறின், குயவர்க்கும் இடையர்க்கும் வாங்குவோர்க்கும் நட்டமில்லை. மீன் வாங்கச் செல்வோர் மூடியுள்ள பாத்திரமொன்றையும், சந்தைக்குச் செல்வோர் உமலையோ துணிப்பையையோ கொண்டு செல்லலாம். பாடசாலைப் பிள்ளைகளின் உணவு பெட்டியிலோ வாட்டிய வாழையிலையிலோ செல்லலாம்.

மூன்றாவது, அளவறிந்து சமைத்தலும் அளவறிந்து வாங்குதலும். சோறு வீணாகும்போது, அதனை விளைவித்த நீரும் உழைப்பும் விறகும் உடன் வீணாகின்றன. பழஞ்சோற்றை வறியோர் உணவென இகழ்ந்த காலம் கழிந்துவிட்டது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அதன் அருமையைப் பலர்க்கும் மீண்டும் உணர்த்திற்று. சிறு பொதிகளாகப் பொருள் வாங்குவது அற்றைக்கூலி பெறுவோர்க்கு இன்றியமையாததாக இருத்தல் கூடும். அவர்களைக் குறைகூறுதல் அறமன்று. அயலவர் இருவர் மூவர் கூடிப் பெரும்பொதி வாங்கிப் பகிர்ந்துகொள்ளின் செலவும் குறையும், குப்பையும் குறையும்.

நான்காவது, எரியாமை. பிளாத்திக்கைக் கொல்லையில் எரித்துவிடின் தொல்லை தீர்ந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். குளோரீன் கலந்த பிளாத்திக்கு எரியும்போது தையொட்சின் என்னும் நச்சுப்பொருள் தோன்றும். அதனை முதலில் மூச்சில் ஏற்பவர் எரிப்பவரும் அவர்தம் பிள்ளைகளுமே. எரிப்பதனினும் கழுவி உலர்த்திச் சாக்கிற் சேர்த்துப் பிரதேச சபையின் வண்டியிலோ பழம்பொருள் வணிகரிடமோ கொடுத்தல் நன்று.

ஐந்தாவது, கிழமைக்கொருமுறை வளவைச் சுற்றிவருதல். கோப்பை, சிரட்டை, தகரம், தயர் ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டிக் கவிழ்த்து வைப்பதற்குக் கால் மணி நேரம் போதும். நுளம்பு ஒரு வாரத்தில் வளர்வதாதலின், வாரமொருமுறை செய்யும் இச்சிறுபணி அதன் வளர்ச்சியைத் தடுத்துவிடும். 2017 ஆம் ஆண்டின் துயரத்தை அறிந்த பகுதிக்கு இதன் இன்றியமையாமையை மிகுத்துரைக்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் மனைவியரின் கடமையெனப் பெயரிட்டு ஆடவர் ஒதுங்கிவிடின் இம்மாற்றம் நீடிக்காது. நீர் சுமப்பதும் அடுப்பூதுவதும் போலக் குப்பை பிரிப்பதும் பெண்டிரின் தலையிலேயே வீழ்ந்தால், அது மேலுமொரு சுமையாகவே முடியும். சந்தைக்குப் பை கொண்டு செல்வது தந்தைக்கும், எருக்குழியைப் புரட்டுவது வளர்ந்த மைந்தர்க்கும், சிரட்டை கவிழ்ப்பது சிறுவர்க்கும் உரியதாகட்டும். வீட்டிற்கு வெளியேயும் இதற்கு இடமுண்டு. வெருகல் சித்திர வேலாயுதர் கோயில் முதலிய தலங்களின் திருவிழாக்களிலே தண்ணீர்ப் பந்தலில் வழங்கும் ஒருமுறைக் குவளைக்கு மாற்றாகக் கழுவி வைக்கும் உலோகக் குவளையும், அன்னதானத்தில் வாழையிலையும் பயன்படுமாயின், ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் அதனைக் கண்டு பழகுவர். கந்தூரியிலும் திருமண விருந்திலும் இதுவே பொருந்தும். ஆற்றுநீரையும் குடாக்கடலையும் பகிர்ந்து வாழும் தமிழரும் முசுலிம்களும் இதில் ஒன்றுபடுவதற்குத் தடை யாதுமில்லை. ஒரு கரையில் வீசப்பட்ட பை மறுகரையின் வலையிற் சிக்குதல் கடற்றொழிலாளர் அறிந்ததே.

நொக்ஸ் கண்ட உறியும் மட்பாண்டமும் இனித் திரும்பி வாரா. வரவேண்டுமென விரும்புதலும் வீண். அக்கால மக்கள் பொருளின்மையாற் சிக்கனமாயிருந்தனர். 1977 இற்குப் பின் வந்தோர் பொருள் கிடைத்தவுடன் சிக்கனத்தைக் கைவிட்டனர். இருவர்க்கும் இல்லாத வாய்ப்பொன்று இன்றைய தலைமுறைக்கு வாய்த்துள்ளது: எது உக்கும், எது உக்காது, எது நோய்தரும் என்னும் அறிவை அது பெற்றிருக்கின்றது, அவ்வறிவின்படி ஒழுகுவதா அன்றா என்பதனைத் தானே தெரிந்து முடிவுசெய்ய இயலும். கொட்டியாரக் குடாவின் கரையைப் பிற்கால ஆய்வாளர் ஒருவர் அகழ்வாராயின், இக்காலத்து மண்ணடுக்கிலே அவர் காணப்போவது யாது என்பதை ஒவ்வொரு வீட்டின் அடுப்படியும் நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கின்றது.